ஹேண்டில் ஆட்டம் வேற, வால் ஆட்டம் வேற: லோடு ஏத்துன டூரிங் வண்டி ஹைவேல ஏன் ஆடுது?

தண்டையார்பேட்டைல இருந்து வடக்க வண்டி எடுக்கறவங்களுக்கு இந்த ரூட் மனப்பாடம். மூலக்கடை, மாதவரம் ரவுண்டானா, புழல், செங்குன்றம்னு ட்ரெய்லர் லாரிங்களுக்கு நடுவுல நசுங்கி நசுங்கிப் போயி, அதுக்கு அப்புறம்தான் ஜிஎன்டி ரோடு கொஞ்சம் மூச்சு விடும். அங்கதான் நம்ம வண்டியோட உண்மையான குணமும் தெரிய வரும், ஏன்னா ஊருக்குள்ள 40ல ஓட்டிட்டு இருக்கற வரைக்கும் எந்தக் கோளாறும் வெளிய வராது.

எனக்கு முதல்ல தெரிஞ்சது கும்மிடிப்பூண்டில இருந்து திரும்பி வரும்போது, நல்லூர் டோல்கேட்டுக்கு கொஞ்சம் முன்னாடி. ஆக்சிலரேட்டர விட்டுட்டு, க்ளவுஸ இழுத்து விடலாம்னு ரெண்டு கையும் லேசா எடுத்தேன், 65 இருக்கும், ஹேண்டில் கிடுகிடுகிடுன்னு நடுங்க ஆரம்பிச்சிடுச்சு, கண்ணாடில பின்னாடி வர்ற லாரி ரெண்டா தெரியுது. கை வச்சதும் நின்னுடுச்சு. வண்டி 350 சிசி, கம்பெனி பேரு வேணாம், அடுத்து நடந்ததுக்கு காரணம் வண்டி இல்ல. மறுநாள் வீட்டுப் பக்கத்துலயே ஒரு கடைல காட்டுனேன், கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பறதுக்கு உள்ள இருக்கற பேரிங், லூசா இருக்குன்னு சொல்லி நட்ட ஒரு முறுக்கு முறுக்கிக் குடுத்தாங்க, பத்து நிமிஷ வேலை. நடுக்கம் சுத்தமா போச்சு, நானும் சரியாயிடுச்சுன்னு நம்பிட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு நானும் வீட்டுக்காரம்மாவும் நெல்லூர் கிளம்பினோம், ரெண்டு பக்கமும் சாடில் பேக், பின்னாடி டாப் பாக்ஸ், அதுக்கு மேல ஒரு பை வேற கட்டியிருந்தேன். தடா தாண்டி ரோடு நேரா இருந்துச்சு, 95 போயிட்டு இருந்தேன், அங்க டூ வீலருக்கு 80தான், நான் அந்த வேகத்துல போனதே தப்பு. கிழக்க பழவேற்காடு ஏரி பக்கத்துல இருந்து காத்து வேற. ஒரு கண்டெய்னர் ட்ரெய்லர ஓவர்டேக் பண்ணி அதோட மூக்க தாண்டுன நிமிஷம், காத்து ஒரு தள்ளு தள்ளுச்சு, வண்டியோட பின்பக்கம் மெதுவா இடது பக்கம் போகுது, வலது பக்கம் வருது, மறுபடி இடது, ஒவ்வொரு தடவையும் முன்னாடிய விட கொஞ்சம் அதிகமா. ஹேண்டில் நடுங்கவே இல்ல, மொத்த வண்டியும் மீன் வால ஆட்டுற மாதிரி ஆடுது. நான் நேராக்கணும்னு ஹேண்டில இறுக்கிப் புடிச்சு எதிர்ப்பக்கம் திருப்பத் திருப்ப இன்னும் மோசமாச்சு. ஆக்சிலரேட்டர மெதுவா விட்டு 75க்கு கீழ வந்தப்புறம்தான் அடங்குச்சு. ஓரமா நிறுத்துனதும் அவங்க கேட்டது, "என்னங்க, பின்னாடி யாரோ கேரியர புடிச்சு ஆட்டுன மாதிரி இருந்துச்சே?" அந்தக் கேள்விலயே பாதி விஷயம் இருக்குன்னு எனக்கு அப்ப புரியல.

வண்டி ஆடுதுன்னு நாம ஒரே வார்த்தைல சொல்லிடறோம், ஆனா அதுல ரெண்டு தனித்தனி நோய் இருக்கு. முதல் ஆட்டத்துக்கு வாபிள்னு பேரு. முன் வீலும் ஃபோர்க்கும் ஹேண்டிலும் மட்டும் டி ஸ்டெம்ம (ஹேண்டிலயும் ஃபோர்க்கையும் ஃபிரேமோட சேக்கற தண்டு) சுத்தி இடது வலதா துடிக்கும், ஒரு செகண்டுக்கு சுமாரா ஆறுல இருந்து ஒம்போது தடவை, பெரும்பாலும் 60, 80க்குள்ள, அதுவும் ஆக்சிலரேட்டர விட்டு வேகம் குறையும்போது வரும். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டில முன் சக்கரம் ஒண்ணு கொஞ்சம் வேகமா தள்ளுனா படபடன்னு அடிச்சிக்குமே, அதேதான் இது. ரெண்டாவது வீவ். இதுல மொத்த வண்டியும் சேர்ந்து ஆடும், பின்பக்கம் அலையும், சாயும், ஹேண்டில் அது பின்னாடியே போகும், செகண்டுக்கு ரெண்டு, மூணு தடவைதான், வேகம் ஏற ஏற இது வலுக்கும். 1971ல ராபின் ஷார்ப்னு பிரிட்டன்காரர் ஒருத்தர் மோட்டார் சைக்கிளோட ஓட்டத்த கணக்குப் போட்டு எழுதுன ஆய்வுலதான் இந்த ரெண்டையும் தெளிவா பிரிச்சுக் காட்டுனார், டயரு ரோட்ல லேசா வழுக்கி வளையறதையும் கணக்குல சேத்தப்புறம்தான் வாபிள் சரியா தெரிஞ்சுது. இன்னிக்கு வரைக்கும் இந்தத் துறைல எல்லாரும் அங்க இருந்துதான் ஆரம்பிக்கறாங்க.

அந்த ஆய்வுல ஒரு முடிவு இருக்கு, எனக்கு நடந்தத அப்படியே சொல்ற மாதிரி. ஹேண்டில் திரும்பறதுக்கு தடை குடுத்தா வாபிள் அடங்கும், ஆனா ஹை ஸ்பீடுல வீவ் இன்னும் மோசமாகும். ஒரு ஆட்டத்துக்கு மருந்து, இன்னொரு ஆட்டத்துக்கு தீனி. நம்ம ஆளுங்க நிறைய பேர் ஆட்டம்னு சொன்ன உடனே ஸ்டீயரிங் டாம்பர் (ஹேண்டிலுக்கு அந்தத் தடை குடுக்கற சாமான்) வாங்கி மாட்டறாங்க, இல்ல கோன் செட்ட முறுக்கறாங்க, எந்த ஆட்டம்னு யாரும் கேக்கறதில்ல. எனக்கு வந்தது முதல்ல வாபிள், அத முறுக்கி அமுக்குனாங்க, லோடு ஏத்துனதும் வீவ் வெளிய வந்துச்சு.

இத எனக்கு கைல காட்டுனது வியாசர்பாடி பக்கம் சின்னதா ஷெட்டு போட்டிருக்கற ஒரு பாய். அறுபது வயசு தாண்டியிருக்கும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இஞ்சினுக்கு கீழ ஒரு மரக்கட்டைய குடுத்து முன் வீல தூக்குனார். ஹேண்டில ஒரே ஒரு விரலால நடுவுல இருந்து லேசா தள்ளி விட்டார். நல்ல வண்டில அது தன் எடையிலயே வழுக்கிட்டுப் போயி கடைசில இடிச்சு நிக்கணும். என் வண்டில பாதில நின்னுச்சு. மறுபடி நடுவுக்கு கொண்டு வந்தார், டொக்குன்னு ஒரு பள்ளத்துல உக்காந்துச்சு.

"இன்னா தம்பி, இப்டி முறுக்கி வச்சிகீறான்? வண்டி ஓடும்போது ஹேண்டிலு தானா நிமிந்துக்கணும். அத நீ விட மாட்டேங்கிற, அது எப்டி நேரா போவும்?"

"லூசா இருக்குன்னு சொன்னாங்க பாய்."

"லூசு இல்ல, உள்ள பள்ளம் கீது. பள்ளத்த முறுக்குனா ஆட்டம் நிக்கும், நோவு போவாது."

கழட்டிக் காட்டுனார். கப்புல பால்ஸ் உக்கார்ற எடத்துல வரிசையா சின்னச் சின்ன குழி, அதுவும் ஹேண்டில் நேரா இருக்கும்போது பால்ஸ் நிக்கற அதே எடத்துல. நாம ஓட்டறது முக்கால்வாசி நேர் ரோடு, ஒவ்வொரு பள்ளத்துல இறங்கும்போதும் அடி அதே எடத்துலதான் விழும், எண்ணூர் பக்கம் கண்டெய்னர் லாரி போயி போயி ரோடு எப்படி இருக்கும்னு சொல்ல வேண்டியதில்ல. கிரீஸே இல்ல, பழுப்பா துரு. "மிக்ஜாம் தண்ணில நின்னுதா வண்டி?"ன்னு கேட்டார். நின்னுச்சு. 2023 டிசம்பர்ல எங்க தெருவுல சீட்டு வரைக்கும் தண்ணி, ரெண்டு நாள் வண்டி அப்படியே இருந்துச்சு. இஞ்சின் ஆயில் மாத்தினேன், ஏர் ஃபில்டர் மாத்தினேன், பிளக் மாத்தினேன், கோன் செட்டும் வீல் பேரிங்கும் பின் வீல ஃபிரேமோட சேக்கற ஸ்விங் ஆர்ம்மோட புஷ்ஷும் அதே தண்ணிலதான் ஊறுச்சுன்னு தோணவே இல்ல. வட சென்னைல அந்த வெள்ளத்துல முங்குன வண்டி எத்தனையோ இருக்கு, அதுல பாதி இன்னமும் உள்ள துரு புடிச்ச பேரிங்கோட ஓடிட்டு இருக்கும்னு நினைச்சா எனக்கு பயமாவே இருக்கு. உங்க வண்டியும் அந்தத் தண்ணில நின்னதா இருந்தா, ஆடுதோ ஆடலையோ, ஒரு தடவ தயவுசெஞ்சு கழட்டிப் பாத்துடுங்க.

புது கோன் செட் போட்டு, கிரீஸ் வச்சு, டைட் பண்றதுல பாய் ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டார். நட்ட டைட் பண்ணி, ஃபோர்க் ரெண்டையும் கீழ புடிச்சு முன்னும் பின்னும் இழுத்துப் பாப்பார், டக்குன்னு சத்தம் வரக்கூடாது, அதே சமயம் விரலால தள்ளுனா ஹேண்டில் வழுக்கிட்டு போகணும். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற எடம் நட்டுல ஒரு சின்ன திருப்புதான். சில நூறு கிலோமீட்டர் ஓடுனதும் புது கப்பு நல்லா உக்காந்து மறுபடி கொஞ்சம் லூசாகும், அதனால திரும்ப வந்து காட்டச் சொன்னார், இத முக்காவாசி கடைல சொல்லவே மாட்டாங்க.

இது வாபிளுக்கு. வீவுக்கு மருந்து பின்னாடி இருக்கு, அதுலயும் பெரிய பங்கு நாமளே கட்டி வச்ச மூட்டைல இருக்கு.

இத கொஞ்சம் கணக்கா சொல்றேன். பின் ஆக்ஸிலுக்கு பின்னாடி தொங்கற எடை ஏத்தம் மாதிரி வேலை செய்யும், பின்னாடி அமுக்கும், முன்னாடி தூக்கும். 12 கிலோ டாப் பாக்ஸ், அதோட நடு பாகம் ஆக்ஸிலுக்கு 35 சென்டிமீட்டர் பின்னாடி, ரெண்டு வீலுக்கும் நடுவுல 140 சென்டிமீட்டர்னு வச்சிக்கோங்க, முன் வீல்ல இருந்து 3 கிலோ கொறையும், பின் வீல்ல 15 கிலோ ஏறும். 3 கிலோ ஒண்ணும் பெருசு இல்லன்னு தோணும். உண்மையான பிரச்சினை இன்னொண்ணு. வண்டி இடது வலதா அலையும்போது அந்த எடைய அலைய வைக்கறதுக்கும், அலைஞ்சத நிறுத்தறதுக்கும் எவ்வளவு பலம் வேணும்ங்கறது, வண்டியோட நடு எடைல இருந்து அது எவ்வளவு தூரத்துல இருக்குங்கறதோட வர்க்கமா ஏறும். 10 கிலோவ சீட்டுக்குப் பக்கத்துல அரை மீட்டர் தள்ளி வச்சா 2.5ன்னு வர்ற கணக்கு, அதே 10 கிலோவ ஒரு மீட்டர் தள்ளி பின்னாடி வச்சா 10. எடை அதேதான், ஆட்டத்த அடக்கறது நாலு மடங்கு கஷ்டம். சாடில் பேக்க பில்லியன் சீட்டு பக்கத்துல ஒட்டி முன்னாடி தள்ளி கட்டுறதுக்கும், லடாக் கேரியர்ல (லக்கேஜ் கட்டறதுக்கு மாட்டற கம்பிச் சட்டம்) பின்னாடி தொங்க விடறதுக்கும் உள்ள வித்தியாசம் இதான். அதுக்கு மேல உயரமும் சேந்துக்கும். ஒரு ஓட்டல் சர்வர் தண்ணி டம்ளருங்கள தட்டுல தூக்கி நடக்கற மாதிரி, மேல இருக்கற எடை சாஞ்சா கீழ இருக்கறவன்தான் கஷ்டப்படணும்.

காத்தையும் விட்டுடக் கூடாது. காத்தோட தள்ளு வேகத்தோட வர்க்கமா ஏறும், 70ல இருக்கறத விட 100ல ரெண்டு மடங்கு. ஆளு முதுகுக்கு பின்னாடி இருக்கற காலியான எடத்துல காத்து சுழன்டு சுழன்டு அடிக்கும், டாப் பாக்ஸ் சரியா அதுக்குள்ளதான் உக்காந்திருக்கு. முன்னாடி விண்ட் ஷீல்ட ஹேண்டில்ல கட்டுனா, காத்து அடிக்கறது நேரா ஸ்டீயரிங்க்கு போகும், ஃபிரேம்ல இருந்து வர்ற பிராக்கெட்ல மாட்டுனா போகாது. இது ரெண்டுக்கும் விலை வித்தியாசம் இருக்கலாம், ஆனா ஹைவேக்கு வாங்கறதா இருந்தா நான் ஃபிரேம்ல மாட்டறதத்தான் வாங்குவேன்.

பாய்க்கு இதுக்கு ஒரு பழைய ஞாபகம். சோழவரத்துல ரெண்டாம் உலகப் போர் காலத்து ஏர்ஸ்ட்ரிப்புல ரேஸ் நடந்த காலம், 1990ல இருங்காட்டுக்கோட்டை ட்ராக் வர்ற வரைக்கும் மெட்ராஸ் ரேஸ்னா சோழவரம்தான், சின்னப் பையனா அங்க கூட்டத்தோட கூட்டமா போயி பாத்தவர். "ரேஸு வண்டில பின்னாடி ஒரு துணி கட்டி பாத்துகீறியா? டூல் கிட்ட கூட எட்த்து வச்சிடுவான். நீங்க வீட்டையே கட்டிகினு போறீங்க." நாம ரேஸ் போகல, சாமான் இல்லாம டூர் போகவும் முடியாது, ஆனா கனமானத டேங்க் பேக்லயும் சாடில் பேக்கோட அடிலயும் வச்சு, டாப் பாக்ஸ்ல லேசானது மட்டும் வைக்கறது யாராலயும் முடியும், அஞ்சு பைசா செலவு இல்ல.

அடுத்து டயர். காத்து கம்மியா இருந்தா டயரோட பக்கச் சுவரு தளர்ந்துடும், பின் வீலு ரிம்முக்கு கீழயே சைடு வாங்கும், வீவுக்கு இத விட நல்ல அழைப்பு கிடையாது. ரெண்டு பேரு, லக்கேஜுன்னா பின் டயருக்கு கூட வைக்கணும், எவ்வளவுன்னு உங்க வண்டி மேனுவல்லயோ செயின் கவர், ஸ்விங் ஆர்ம்ல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்லயோ இருக்கும், தனியா போறதுக்கு ஒண்ணு, பில்லியனோட போறதுக்கு ஒண்ணு. இத காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி டயரு குளிர்ந்திருக்கும்போது பாக்கணும். செங்குன்றம் பங்க்ல போயி பாக்கலாம்னு போனா அதுக்குள்ள டயரு சூடாகி ரெண்டு மூணு பிஎஸ்ஐ கூட காட்டும், கரெக்டா இருக்குன்னு நினைச்சு கம்மியாவே ஓட்டுவோம். சொந்தமா ஒரு பிரஷர் கேஜ் வச்சுக்கோங்க, ஒவ்வொரு பஞ்சர் கடை மீட்டரும் ஒவ்வொண்ணு சொல்லும். இன்னொண்ணு, தினம் பாரிமுனைக்கும் வீட்டுக்கும் நேரா ஓட்டி ஓட்டி பின் டயரு நடுவுல தட்டையாயிடும், பட்டன் இருக்கு, இன்னும் அஞ்சாயிரம் ஓடும்னு சொல்லுவாங்க, ஆனா வட்டமா இருக்க வேண்டியது சதுரமானா வண்டி சாயறதும் நிமிர்றதும் படி ஏறி இறங்கற மாதிரி ஆயிடும். சைடுல நாலு நம்பர் குத்தியிருக்கும், 2321ன்னா 2021ல 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம், பழைய ஸ்டாக்க தலைல கட்டுறாங்களான்னு அத வச்சு பாத்துக்கலாம்.

ஸ்விங் ஆர்ம்ம நான் சந்தேகப்பட்டதே இல்ல. சென்டர் ஸ்டாண்ட்ல பின் வீல் தூக்கி இருக்கும்போது பாய் ஒரு கைய ஃபிரேம்ல வச்சுக்கிட்டு இன்னொரு கையால ஸ்விங் ஆர்ம்மோட கடைசிய பக்கவாட்டுல தள்ளுனார், கண்ணுக்கே தெரியற மாதிரி அசைஞ்சுது, புஷ் போயிடுச்சு. ஃபிரேம் ஒரு பக்கம் போகுது, பின் வீல் அதுக்கு கொஞ்சம் லேட்டா வேற பக்கம் போகுது, அந்த லேட்டுலதான் வீவ் வளருது. வீல மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டுனா வீல் பேரிங் தெரிஞ்சிடும். ஸ்போக் வீலுன்னா சின்ன ஸ்பேனரால ஒவ்வொரு கம்பியையும் தட்டணும், டிங்குன்னு சத்தம் வந்தா சரி, டொப்புன்னா அது லூசு.

அலைன்மென்ட்டுக்கு கொத்தனார் கட்டடத்துக்கு புடிக்கற நூல்தான். பின் டயர சுத்தி ஆக்ஸில் உயரத்துக்கு கொஞ்சம் கீழ நூல குடுத்து, ரெண்டு முனையையும் முன் வீல் தாண்டி இழுத்துப் புடிச்சோம், ஒரு பக்கம் நானு, ஒரு பக்கம் கடைல வேலை செய்யற பையன். முன் டயரு பின் டயர விட ஒல்லி, அதனால முன்னாடி ரெண்டு பக்கமும் இடைவெளி வரும், அது சமமா இருக்கணும். எனக்கு இடது பக்கம் ஒரு விரலு நுழையுது, வலது பக்கம் நூல் டயர தொட்டுக்கிட்டு நிக்குது. செயின் அட்ஜஸ்டர்ல இருக்கற கோடு ரெண்டு பக்கமும் ஒரே நம்பர்தான் காட்டுச்சு. அந்தக் கோட்ட நம்பி ரெண்டு வருஷமா செயின் டைட் பண்ணிட்டு இருந்திருக்கேன்.

ஷாக் அப்சர்பர்ல பிரீலோட (ஸ்பிரிங்க முன்கூட்டியே எவ்வளவு அமுக்கி வைக்கறோம்ங்கறது) டூல் கிட்ல வர்ற கொக்கி ஸ்பேனரால லோடுக்கு ஏத்த மாதிரி ஏத்தணும். பின்பக்கம் உக்காந்துடுச்சுன்னா ஃபோர்க் இன்னும் படுத்துக்கும், முன் வீலு லேசாகும், ஆளு உக்காந்ததும் மொத்த ட்ராவல்ல, அதாவது ஷாக் அமுங்கக்கூடிய தூரத்துல, மூணுல ஒரு பங்கு வரைக்கும் இறங்குனா போதும். சீட்ட அமுக்கி விட்டா ஒரு தடவை எழுந்து நிக்கணும், ரெண்டு மூணு தடவை குதிச்சா ஷாக்குக்குள்ள இருக்கற ஆயில் போயிடுச்சு, பிரீலோட் ஏத்தி பிரயோஜனம் இல்ல, மாத்தணும்.

ஓட்டிட்டு இருக்கும்போதே வீவ் வந்துட்டா என்ன செய்யறதுன்னு நிறைய பேர் கேக்கறாங்க. முதல்ல கைய தளர்த்துங்க. மனுஷன் ஒண்ண பாத்து கை அசைக்க கால் செகண்டு ஆகும், வீவ் இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போறதே அவ்வளவு நேரம்தான், அதனால நாம இடதுன்னு நினைச்சு திருப்பும்போது வண்டி ஏற்கனவே வலது பக்கம் வந்திருக்கும், நாமளே ஊஞ்சல தள்ளி விடறோம். தடால்னு பிரேக் புடிக்காதீங்க, முன் பிரேக்க தொடவே தொடாதீங்க. ஆக்சிலரேட்டர சீரா கொறச்சுக்கிட்டே, முட்டியால டேங்க அழுத்திப் புடிச்சு, உடம்ப முன்னாடி குனிச்சு டேங்க் மேல கொண்டு போங்க, எடை முன்னாடி போகும், காத்தும் கொறயும். பில்லியனும் ஓட்டறவர ஒட்டி முன்னாடி வரணும், இத கிளம்பறதுக்கு முன்னாடியே சொல்லி வச்சுடணும், அந்த நேரத்துல பின்னாடி திரும்பி பேச முடியாது. வாபிள்னா ரெண்டு கையும் ஹேண்டில்ல லேசா இருந்தாலே பெரும்பாலும் அடங்கிடும், ஆனா அடங்கிடுச்சுன்னு விட்டுடாம காரணத்த தேடணும்.

எல்லாம் முடிச்சதும் பாய் ஒரே நாள்ல டெஸ்ட் பண்ணாதன்னு சொன்னார். முதல் ஞாயித்துக்கிழமை காலைல நான் மட்டும், பாக்ஸ் இல்லாம, தச்சூர் வரைக்கும். அடுத்த வாரம் சாடில் பேக்கோட. அதுக்கு அடுத்த வாரம் டாப் பாக்ஸ வச்சு. ஒவ்வொரு தடவையும் ஒண்ணே ஒண்ணுதான் மாத்தணும், அப்பதான் ஆட்டம் திரும்ப வந்தா எதனால வந்துச்சுன்னு தெரியும். நாலாவது வாரம் வீட்டுக்காரம்மாவோட சூலூர்பேட்டை வரைக்கும், 80ல, அதே ஏரிக்காத்து, பக்கத்துலயே கேஸ் டேங்கர் ஒண்ணு கடந்து போச்சு, வண்டி ஒரு தடவை லேசா அசைஞ்சு நின்னுடுச்சு. டாப் பாக்ஸ்ல ரெயின் கோட்டும் பஞ்சர் கிட்டும் மட்டும்தான் இருந்துச்சு. பின்னாடி இருந்து அவங்க ஒண்ணும் கேக்கல.